மூரியலின் கடைக்கு வெள்ளையடித்த கதை

முப்பத்தைந்து வருடம் நகரசபையில் பெயின்டராக இருந்தவன் நான். பீங்கான் தொழிற்சாலைகள் நிறைந்த எங்கள் ஊரில் நகரசபை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் கண் விழித்ததும் பார்த்த வெளிறிய சுவர் பெரும்பாலும் என் கை அடித்ததுதான். ஒரு சுவரைப் பார்த்ததும் அதற்கு என்ன தேவை என்று சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரில்தான் மூரியலின் குடியைக் கெடுத்தேன். இதை வேறு யாராவது சொல்லிக் கேட்டால் ஆளுக்கொரு சமாதானம் சேர்த்துச் சொல்வார்கள். அதனால் நானே சொல்கிறேன்.

மூரியல் நடத்திய பப்பின் பெயர் ‘சாம்பல் கொக்கு’. நாங்கள் வெறுமனே கொக்கு என்போம். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டில் கட்டியது. கதவைத் தள்ளினால் நேராக ஒரு நடை. இரண்டு பக்கமும் தோள் உயரத்துக்குப் பச்சைப் பீங்கான் ஓடு. நடையின் நடுவில் ஒரு மரக் கூண்டு, அதற்குள்ளிருந்துதான் பியர் ஊற்றுவார்கள். கூண்டுக்கு மூன்று பக்கமும் கண்ணாடி ஜன்னல். மேலே தூக்கினால் திறக்கும், கீழே இழுத்தால் மூடும். கண்ணாடியில் நாணலும் கொக்கும் வெள்ளையாக அரித்து வரைந்திருக்கும். மூரியல் ஜன்னலைத் தூக்கி, பைண்ட் கிளாஸை நீட்டி, காசை வாங்கிக்கொண்டு மறுபடியும் இறக்கிவிடுவாள். டிக்கெட் கவுன்டர் தோற்றது.

இடப்பக்கம் பெரிய அறை. பலகைத் தரை, சுவரோடு சுவராகப் பதித்த பெஞ்சுகள். வலப்பக்கம் சின்ன அறை. பலகையும் கண்ணாடியும் கலந்த ஒரு தடுப்புக்குப் பின்னால் ஆறு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். சுவரில் பித்தளைப் பொத்தான்கள் இருந்தன. அந்தக் காலத்தில் அழுத்தினால் கூண்டுக்குள் மணி அடித்து ஆள் ஓடி வருவானாம். எங்கள் காலத்தில் அழுத்தினால் மூரியலின் வசவுதான் ஓடி வரும்.

மரமெல்லாம் சாதா பைன் பலகை. அதன்மேல் சாயம் பூசி, காய்வதற்குள் சீப்பாலும் துணியாலும் இறகாலும் இழுத்து, ஓக் மரத்தின் ரேகையும் கணுவும் வரைந்து வார்னிஷ் அடித்திருந்தார்கள். நூறு வருட சிகரெட் புகையில் அது கறுத்துக் கிடந்தது. மேல் கூரை, புகை பிடிப்பவன் பல் மாதிரிப் பழுப்பாக இருந்தது. பகலிலும் விளக்கு வேண்டும். நாற்பது வருடமாக அந்தப் பெரிய அறையில் ஒரே மூலையில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன்: இதை என்னிடம் மூன்று நாள் கொடுத்தால் போதும்.

கட்டடம் மூரியலுடையது இல்லை. ஒரு பெரிய கம்பெனியுடையது. அவள் அப்பா காலத்திலிருந்து அவர்கள் வாடகைக்காரர்கள். அவள் பிறந்ததே மாடி அறையில்தான். அறுபத்தாறு வயதிலும் அங்கேதான் தூங்கினாள். கல்யாணம், பிள்ளை, வேறு வீடு எதுவும் கிடையாது. கம்பெனி அந்த வருடம் கொக்கை விற்க முடிவு செய்தது. வாங்குகிறவன் உள்ளே எல்லாவற்றையும் குடைந்தெடுத்துவிட்டு எட்டு சின்ன வீடுகள் கட்டப் போகிறான். அதைத் தடுக்க ஒரே வழிதான் இருந்தது. அரசாங்கத்தின் பழங்கட்டடப் பட்டியலில் ஏறிவிட்டால் ஒரு ஆணியைக்கூட யாரும் பிடுங்க முடியாது. மூரியல் ஒரு வருடமாகக் கடிதம் எழுதி, படம் எடுத்து அனுப்பி, கடைசியில் பார்வையிட ஆள் வரும் தேதியை வாங்கிவிட்டாள். மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை.

இவ்வளவும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். பேச்சில் மூரியல் மகா கஞ்சம். எங்களிடம் அவள் சொன்னது ஒரே வரி: “ஒரு ஆள் வந்து பாக்கப் போவுது. அதுக்குப் பிடிச்சுதுன்னா கடை பொழைக்கும்.” எதைப் பிடிக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்தப் புதனுக்கு ஒரு வாரம் முன்னால் நிலவறைப் படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சாவிக்கொத்தை என் கையில் திணித்தாள். “புதன்கிழமை உள்ள விட்டுக் காட்டு. கடையைப் பாத்துக்கோ, நெவில்.” அவ்வளவுதான். கதவை மூடிவிட்டார்கள்.

எங்கள் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் வருகிறார் என்றால் முதலில் வாசற்படியைக் கல்லால் தேய்த்து வெளுப்பார்கள், அப்புறம்தான் நோயாளிக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். என் அம்மா செத்துக்கொண்டிருந்தபோதுகூட, பாதிரியார் வருகிறார் என்று ஜன்னல் திரையைத் துவைத்து மாட்டச் சொன்னாள். வருகிறவர் யாராக இருந்தாலும் அழுக்கைக் காட்டக் கூடாது. இதைப் பாலோடு குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். இதோ, அரசாங்கத்து ஆள் கொக்கைப் பெண் பார்க்க வருகிறது. பெண்ணோ நூறு வருடமாக முகம் கழுவவில்லை.

வியாழன் மதியம் மூடிய கடைக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நான், தச்சன் டென்னிஸ், பீங்கான் தொழிற்சாலையில் நாற்பது வருடம் கோப்பைகளுக்குப் பூ வரைந்து ஓய்வு பெற்ற ஹேசல்.

“இந்தக் குகையையாடா காட்டப் போறோம்?” என்றேன். “பாத்தவுடனே இடிச்சுத் தள்ளுன்னு எழுதிட்டுப் போயிடுவான்.”

“கூரைக்கு வெள்ளை அடிச்சாலே பாதி வெளிச்சம் வந்துடும்,” என்றான் டென்னிஸ்.

“கூரை மட்டுமா? இந்தக் கருமாந்திரம் பிடிச்ச பலகையெல்லாம்?”

ஹேசல் பையிலிருந்து ஓட்ஸ் ரொட்டியை எடுத்துப் பிட்டுக்கொண்டே சொன்னாள்: “மூரியல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க.”

“கேட்டா வேணாம்பா. கிறிஸ்துமஸுக்கு ஒரு விளக்குச் சரம் கட்டவே ரெண்டு வருஷம் கெஞ்சினோம், மறந்துட்டியா?”

“வேணாம்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல?”

“கஞ்சத்தனம்தான் காரணம்.”

அவள் எழுந்து போய்க் கதவுப் பலகையில் விரலை வைத்தாள். “இது யாரோ கையால வரைஞ்சது, நெவில். ஒரு கணு மாதிரி இன்னொரு கணு இல்ல, பாரு.”

“போலி மரம், கண்ணு. பைன் பலகை ஓக்குன்னு வேஷம் போட்டுக்கிட்டு நிக்குது. படிச்சவன் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுச் சிரிப்பான்.”

“நான் நாப்பது வருஷம் கப்புல போட்டதும் போலிப் பூதான். யாரும் சிரிக்கல.”

“நீ கப்புல வரைஞ்சே, நான் சுவத்துல அடிச்சேன். அவங்கவங்க தெரிஞ்ச வேலையை அவங்கவங்க பாப்போம். சரியா?”

ஹேசல் ரொட்டியை மறுபடியும் காகிதத்தில் சுற்றினாள். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். “கோவிச்சுக்கிட்டா பாரு,” என்று டென்னிஸ் சிரித்தான். நானும் சிரித்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டியையாவது ஒருத்தர் வந்து தடுத்ததாகக் கதையில் இல்லை. என்னைத் தடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு பேர் வந்தார்கள். யாரும் கூலி கேட்கவில்லை. என் கிடங்கில் மிச்சமிருந்த வெள்ளை பெயின்ட் டப்பாக்களை ஒருவன் தள்ளுவண்டியில் கொண்டுவந்தான். கூரைக்கும் சுவருக்கும் மூன்று கை அடித்தோம். பலகைகளில் பெயின்ட் உரிக்கும் கலவையைப் பூசினேன். அரை மணி நேரத்தில் அந்த ஓக் ரேகையெல்லாம் இளகி, கறுப்புக் கூழாக வழிந்தது. அகலக் கரண்டியால் வழித்து வாளியில் போட்டோம். நான்கு வாளி. மிச்சத்தை இயந்திரத்தால் தேய்த்தோம். அடியிலிருந்து பைன் மரம் வெண்ணெய் நிறத்தில் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விசில் அடித்துக்கொண்டே தேய்த்தேன்.

கூண்டை எடுக்கலாம் என்றது டென்னிஸ். சனிக்கிழமை காலை அதன் முன்னால் நின்று தலையைச் சொறிந்தான்.

“இடுப்பு போனவ இனிமே இதைச் சுத்திச் சுத்தி ஓடணுமா, நெவில்? அந்த ரூம்ல ஒருத்தன் கேப்பான், இந்த ரூம்ல ஒருத்தன் கேப்பான். ஒவ்வொரு தடவையும் ஜன்னலைத் தூக்கு, இறக்கு. கூண்டையும் அந்தத் தடுப்பையும் எடுத்துட்டா ஒரு உசரமான ஸ்டூல்ல உக்காந்தபடியே எல்லாரையும் பாத்துக்கலாம்.”

நான் யோசித்தேன். யோசித்தேன் என்று எழுதுவது எனக்குச் சாதகமாக இருக்கிறது. உண்மையில் அரை நிமிடம்கூட ஆகவில்லை. மூரியல் கைத்தடியோடு வந்து, அகலமான வெளிச்சமான இடத்தில் ஒரு ஸ்டூலில் உட்காருவதுதான் கண்ணில் தெரிந்தது. “எடுடா,” என்றேன்.

கண்ணாடிகளை முதலில் கழற்றினோம். கவனமாகத்தான் கழற்றினோம். ஆனால் கண்ணாடியைப் பிடித்திருந்த நூறு வருடத்து மக்குப் பசை இரும்பாகியிருந்தது. ஒன்பதில் நான்கு விரிசல் விட்டன. மிச்சம் ஐந்தையும் மரச்சட்டங்களையும் டென்னிஸ் தன் வேனில் ஏற்றி நகரசபைக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோனான். சாயங்காலம் திரும்பி வந்தவன் நடு அறையில் நின்று சுற்றிலும் பார்த்தான்.

“இப்பத்தான் ஒருத்தன் மூஞ்சி இன்னொருத்தனுக்குத் தெரியுது,” என்றான்.

“தெரியாம இருந்ததே நல்லா இருந்துச்சுடா,” என்றான் ஒருவன். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். நாற்பது வருடத்தில் கொக்கில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை திராட்சை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறுவை முடிந்து நான்காம் நாள். வலி மாத்திரையின் மயக்கத்தில் அவள் முகம் இளகியிருந்தது. நாக்கும்தான். வாழ்நாளில் எனக்குச் சொல்லாத அளவு வார்த்தைகளை அந்த ஒரு மணி நேரத்தில் சொன்னாள்.

“யாரு உள்ள வந்தாங்க? எல்லாம் அப்படியே இருக்கா?” என்று கேட்டாள்.

ஆச்சரியத்தைக் கெடுக்கக் கூடாது என்று, “அப்படியே இருக்கு,” என்றேன்.

“அழுக்கு?”

“அதுவும்.”

அவள் சிரித்தாள். “தூசிகூடத் தட்டிடாதே. அந்தப் பொண்ணு வர்றதே அதுக்குத்தான்.”

“எதுக்கு?”

“அந்தக் கூண்டுக்கு. கண்ணாடி ஜன்னலோட, ஒண்ணுகூட மாத்தாம, இப்படி முழுசா நிக்கிறது நாட்டுலேயே விரல் விட்டு எண்ணிடலாமாம். படம் பாத்துட்டு எழுதியிருக்கா. அப்புறம் அந்த மர வேலை. எல்லாரும் உரிச்சு எறிஞ்சுட்டாங்களாம். ஒரு கட்டடம் பூரா அந்தக் காலத்துக் கை அப்படியே இருக்கிறது இதுதான் முதல் தடவை பாக்கிறாளாம். அது ஒண்ணு போதும், பட்டியல்ல ஏத்திடலாம்னு எழுதியிருக்கா.”

திராட்சைப் பை என் மடியில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அம்பது வருஷம், நெவில். அதுல ஒரு கை பெயின்ட் படாம காத்தேன். எத்தனை தடவை கம்பெனிக்காரன் வந்தான், புதுசாக்கித் தர்றோம், செலவு எங்களோடதுன்னு! ஒவ்வொரு தடவையும் இப்ப முடியாது, ஆள் இல்ல, நேரம் இல்லன்னு ஏதாவது சாக்குச் சொல்லித் துரத்துவேன். உங்களுக்கு நான் கஞ்சப் பிசினாறி. சொல்லிக்கிட்டுத் திரிங்க, எனக்கென்ன?”

“ஏன் எங்ககிட்ட சொல்லல?” என்றேன்.

“சொன்னா ஆளாளுக்கு வந்து தொட்டுத் தொட்டுப் பாப்பீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?” கண் சொருகியது அவளுக்கு. என் புறங்கையை இரண்டு தடவை தட்டினாள். அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. “நல்லவேளை, நீ இருந்தே,” என்றாள். தூங்கிவிட்டாள்.

எழுப்பிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கோழை, அவ்வளவுதான்.

டென்னிஸை இழுத்துக்கொண்டு குப்பைக் கிடங்குக்கு ஓடினேன். மஞ்சள் கோட்டு போட்ட ஆள் ஒருவன் பெரிய இரும்புத் தொட்டியைக் காட்டினான். மரமும் கண்ணாடியும் போடும் தொட்டி. மாலையில் ஒரு தடவை நசுக்கி, லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்களாம்.

“நேத்து போட்டதா? நேத்தே போயிடுச்சு.”

“எங்க போச்சு? சொல்லு, நாங்க போய்த் தேடுறோம்.”

“என்னத்தைத் தேடுவீங்க? ஒரு பக்கம் மரத்தூள், ஒரு பக்கம் கண்ணாடித் தூள்.”

டென்னிஸ் வேனுக்குள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். ஆறடி மனுஷன். “அவ இடுப்புக்காகத்தானேடா சொன்னேன்,” என்றான் திரும்பத் திரும்ப. “அவ இடுப்புக்காகத்தானே...”

திங்கள் காலை அந்த அலுவலகத்துக்கு போன் செய்தேன். மூரியலுக்கு உடம்பு சரியில்லை, ஆறு மாதம் தள்ளி வையுங்கள் என்று கெஞ்சினேன். உள்ளே மாற்றிக் கட்டக் கம்பெனி அனுமதி கேட்டு மனுப் போட்டாயிற்று, முடிவு செய்யும் நாளும் குறித்தாயிற்று, இந்தப் புதன் விட்டால் வேறு நாள் கிடையாது என்றார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. ஆனாலும் மூழ்குகிறவன் கையை அடிப்பதை நிறுத்துவதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மரத்தில் ரேகை வரையும் அந்த வித்தையை ஆறு மாதம் படித்தவன் நான். பழைய பாணி என்று விட்டுவிட்டேன். பரணிலிருந்து அந்த இரும்புச் சீப்பைத் தேடி எடுத்தேன். சாயம் கலக்கினேன். உரித்த கதவு ஒன்றைப் பிடித்து வரைய ஆரம்பித்தேன். திங்கள் முழுவதும், செவ்வாய் மதியம் வரை. வரைந்தேன், துடைத்தேன், வரைந்தேன், துடைத்தேன். ரேகை வந்தது, மரம் வரவில்லை. சேற்றில் யாரோ விரலால் இழுத்தது போல இருந்தது. நூற்றுப் பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பெயர் தெரியாத ஆள் இருபது கதவுக்கும் நூறு பலகைக்கும் இதைச் செய்திருக்கிறான். ஒரு கணு மாதிரி இன்னொரு கணு இல்லாமல். அதை நான் நான்கு வாளியில் வழித்துக் கழிவுக் குழியில் கொட்டினேன்.

செவ்வாய் மதியம் ஹேசல் வந்தாள். எப்படியோ தெரிந்திருந்தது. கதவருகில் நின்று வெள்ளைக் கூரையைப் பார்த்தாள், கூண்டு இருந்த காலி இடத்தைப் பார்த்தாள், கடைசியில் என் கதவைப் பார்த்தாள்.

“திட்டு,” என்றேன்.

“திட்டி என்ன ஆவப்போவுது?”

“நீ வரைஞ்சு பாரேன். உனக்குக் கை இருக்கு. ஒரே ஒரு கதவு, கண்ணு. ஒரு கதவாவது...”

அவள் என் கையிலிருந்து சீப்பை வாங்கினாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு டப்பா மேல் வைத்தாள். “பாக்க வர்ற பொண்ணுக்கு நாளைக்கு இன்னொரு பொய்யைக் காட்டப் போறியா? துடைச்சிடு.” துணியை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

புதன் காலை பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். பெயர் ஆட்லம் என்றாள். தோளில் கேமரா, கையில் கோப்பு. சுறுசுறுப்பாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் நடையில் நின்றுவிட்டாள். கோப்பைத் திறந்து மூரியல் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

“மன்னிக்கணும். சாம்பல் கொக்கு இதுதானா?”

“இதுதான் மேடம்.”

அவள் மெல்ல நடந்து கூண்டு இருந்த இடத்துக்குப் போனாள். தரையில் புதிய சிமென்டுத் திட்டுகள் இருந்தன. அதைச் சுற்றி வந்து நின்றாள்.

“எப்ப நடந்தது?”

“போன சனிக்கிழமை.”

அவள் முகம் சிவந்தது. “கம்பெனி ஆளுங்க செஞ்சதா? பட்டியல்ல ஏறப் போவுதுன்னு தெரிஞ்சா சில பேர் இப்படித்தான் முந்திக்கிட்டு உள்ள எல்லாத்தையும் பிடுங்கிடுவாங்க. நீங்க பாத்திருந்தீங்கன்னா பேர் சொல்லுங்க, நான் எழுதறேன்.”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு கணம் நாக்கு நுனி வரை வந்தது.

“இல்ல மேடம். நாங்கதான் செஞ்சோம். அவளுக்கு வேண்டியவங்க. நீங்க வர்றீங்கன்னு.”

“நான் வர்றேன்னா?”

“நீங்க பாக்கும்போது நல்லா இருக்கணும்னு.”

அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “கண்ணாடி எங்காவது இருக்கா? ஒண்ணாவது?” என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டிய விதத்திலேயே புரிந்துகொண்டாள்.

“ஓடு இருக்கு மேடம்!” என்றேன். “நடையில பாருங்க, ஒரு ஓடுகூடத் தொடல. மணிப் பொத்தான் இருக்கு. பெஞ்சு இருக்கு.”

“ஓடு நல்லா இருக்கு. ஆனா இதே ஓடு இந்த ஊர்ல இன்னும் பத்து இடத்துல இருக்கு.”

“தப்பு என்னோடது. அவ ஆஸ்பத்திரியில இருக்கா, அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. ஏத்திடுங்க மேடம். அந்தப் படத்தை வெச்சே ஏத்திடுங்க.”

“இருக்கிறதைத்தான் நான் எழுத முடியும்,” என்றாள். “இருந்ததை எழுத முடியாது.” கேமராவை உறையிலிருந்து எடுக்காமலே போனாள்.

வெள்ளிக்கிழமை மூரியலை வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்ஸி எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். வழியில் மூன்று தடவை வாயைத் திறந்தேன். மயக்கமெல்லாம் தெளிந்து பழைய மூரியல் ஆகிவிட்டிருந்தாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “எப்படிப் போச்சு புதன்கிழமை?” என்று மட்டும் கேட்டாள். “போய்ப் பேசிக்கலாம்,” என்றேன். எதையோ உணர்ந்துவிட்டாள்.

கைத்தடியை ஊன்றி நடைக்குள் வந்தாள். மார்ச் மாத வெயில் முன் ஜன்னலில் நுழைந்து பின் சுவர் வரை தடையில்லாமல் பாய்ந்திருந்தது. அந்த வீட்டில் பிறந்த நாள் முதல் அவள் அந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க மாட்டாள். கூண்டு இருந்த இடம் வரை நடந்து, ஜன்னலைத் தூக்கும் உயரத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். அங்கே ஒன்றும் இல்லை. கை சற்று நேரம் அப்படியே நின்றது.

“யாரு?”

“நான்.”

“கூட?”

“நான் மட்டும்தான்.”

“பொய் சொல்லாதே. அந்தக் கண்ணாடியைத் தனியாளா எடுக்க முடியாது.”

“நான் எடுக்கச் சொன்னேன். நான் சொன்னதாலதான் செஞ்சாங்க.”

“எதுக்கு?”

“உனக்காக, மூரியல். வர்ற ஆளுக்குப் பிடிக்கணும்னு. நீ நடக்கக் கஷ்டப்படக் கூடாதுன்னு.” சொல்லும்போதே என் மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் பலகையை விரலால் தடவினாள். உரித்த பைன் வழவழவென்று இருந்தது. நன்றாகத்தான் தேய்த்திருந்தேன். “ஆஸ்பத்திரியில கேட்டேனே,” என்றாள். “அப்படியே இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னியே.”



இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. மூரியல் அதைக் கூண்டுக்குப் பதிலாகப் போட்டிருந்த கவுன்டரில் வைத்து, குடிக்க வந்த அத்தனை பேர் முன்னாலும் குரல் மாறாமல் படித்தாள். ‘அண்மையில் செய்யப்பட்ட மாற்றங்கள் இல்லாதிருப்பின் இக்கட்டடம் உயர்ந்த தகுதி பெற்றிருக்கும்’ என்று ஒரு வரி. ‘வருந்துகிறோம்’ என்று ஒரு வரி. டென்னிஸ் எழுந்து வெளியே போனான். அதற்குப் பிறகு அவன் கொக்குக்கு வரவே இல்லை. நான்கு நாளில் கம்பெனியின் கடிதமும் வந்தது. மே மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். நகரசபை முதியோர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் அவளுக்கு ஓர் அறை ஒதுக்கியது.

அன்று கடை திறக்கும் முன்னால் போனேன். அவள் அந்த உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பப்பில் ஒருவன் தகாதது செய்தால் நடத்துகிறவர் அவனுக்குத் தடை போடுவார். அப்புறம் அவன் ஆயுளுக்கும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. மூரியல் ஐம்பது வருடத்தில் மூன்று பேருக்குத் தடை போட்டிருக்கிறாள். ஒருவன் பெண்டாட்டியை அடித்தவன். ஒருவன் திருடியவன். இன்னொருவன் அவள் அப்பா செத்த அன்று பாட்டுப் பாடியவன்.

“எனக்குத் தடை போடு,” என்றேன். “இனிமே இந்தப் படி ஏறாதேன்னு சொல்லிடு.”

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

“சொல்லு, மூரியல். நான் செஞ்சதுக்கு அதாவது செய்.”

“அப்படிச் சொல்லிட்டா உனக்கு நிம்மதியாப் போயிடும், இல்ல?” என்றாள். “வீட்டுல உக்காந்துக்கிட்டு, மூரியல் என்னைத் தண்டிச்சுட்டா, கணக்குத் தீந்துபோச்சுன்னு இருக்கலாம். மாட்டேன். தினம் வா. ஆறு மணிக்கு வா. கடைசி நாள் வரைக்கும் வா. வந்து எனக்கு எதிர்ல உக்காரு. நான் எதைப் பாத்துக்கிட்டு நிக்கிறேனோ அதை நீயும் பாரு.”

ஏழு வாரம் போனேன். ஒரு நாள் தவறவில்லை. என் மூலையிலிருந்த நாற்காலியை அவள் இழுத்து அறையின் நட்ட நடுவில் போட்டிருந்தாள். ஆறு மணிக்கு ஒரு பைண்ட் ஊற்றி என் முன்னால் வைப்பாள். காசு வாங்குவாள், மிச்சம் கொடுப்பாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாட்கள் நீள நீளச் சாயங்கால வெயில் இன்னும் நேரம் கழித்துத்தான் அடங்கியது. அந்த வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில் அவள் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.